ஐந்தாம் இடத்துக்காரியின் துப்பாக்கி

இலோய்லோ நகரத்து லா பாஸ் சந்தையில் டெல்ஃபா மொன்டெக்ளாரோவின் பாட்சோய்க் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்றக் கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரமே. இவளோ கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் துப்பாக்கி சுடப் போய்விடுவாள். எலும்புக் குழம்பும் நூடுல்ஸும் கேட்டு வந்து ஏமாந்தவர்கள் திங்கட்கிழமை வந்து திட்டுவார்கள். கிண்ணத்தில் ஈரல் துண்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

எல்லாம் அந்தச் சூப்பால் வந்த வினைதான். எட்டு வருடத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே சுடுகளத்தில் போட்டி நடக்கும் நாட்களில் மதியச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லி கிளப்புக்காரர்கள் கேட்டார்கள். அவளும் அவள் கணவன் ஃபெர்மினும் தங்கள் மூன்று சக்கர வண்டியில் இரண்டு அண்டாவைக் கட்டிக்கொண்டு போனார்கள். கிண்ணம் கழுவிய கையோடு அவள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். "பாத்துக்கிட்டே இருந்தா எப்படி, நீயும் அஞ்சு ரவுண்டு சுட்டுப் பாரு" என்று யாரோ ஒருவர் கிளப் துப்பாக்கியை நீட்டினார். ஐந்தில் நான்கு நடுவட்டத்தில் விழுந்தன. அதற்குப் பிறகு அவளை யாராலும் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்த முடியவில்லை.

ஐந்து வருடம் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டாள். பத்துப் பேர் கை பட்ட பழைய சாமான் அது. சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று சந்தைப் பெண்கள் போடும் சீட்டில் இரண்டு பங்கு சேர்ந்தாள். உரிமம் வாங்கப் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சோதனை, மனநலச் சோதனை என்று நான்கு மாதம் அலைந்தாள். மனநலச் சோதனையில் தேறிவிட்டாள் என்று தெரிந்ததும் ஃபெர்மின், "அந்த டாக்டரை மொதல்ல சோதிக்கணும்" என்றான்.

சீட்டு எடுத்த அன்றே ஹாரோ பகுதியில் இருந்த இஸ்யோவின் பட்டறைக்குப் போனாள். இஸ்யோ துப்பாக்கி பழுதுபார்ப்பவர். அவளைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் அண்ணன். அவர் மேசையில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். மூன்றும் இரட்டை அடுக்கு ரகம். கைப்பிடிக்குள் நுழையும் மேகசினில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக நெருக்கி உட்காரும். சுட்டுக்கொண்டே ஓடுகிற போட்டிக்கு அது இல்லாமல் முடியாது. தோட்டா குறைந்தால் நடுவில் நின்று மேகசின் மாற்ற வேண்டும், மாற்றுகிற நேரத்தில் எதிராளி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

முதலாவது அமெரிக்கச் சரக்கு. பழையதுதான், ஆனாலும் அதன் விலைக்கு ஓடுகிற நிலையில், ஊருக்குள் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஒன்று வாங்கலாம்.

"இத எதுக்குண்ணே எடுத்து வச்சீங்க?"

"சும்மா பாரு. பாக்கறதுக்குக் காசு இல்ல."

இரண்டாவது துருக்கியில் செய்தது. பார்க்க லட்சணமாக, வெள்ளி நிறத்தில் மினுமினுத்தது. அவள் கை நேராக அதற்குத்தான் போயிற்று. மூன்றாவது மணிலா பக்கத்தில், நம் மரிகினாவிலேயே செய்தது. கறுப்பு. ஓரமெல்லாம் முரடு. அம்மிக்கல்லைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

துருக்கித் துப்பாக்கியை அவள் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து இஸ்யோ சிரித்தார். "துப்பாக்கி வாங்க வர்றவன் எல்லாம் துப்பாக்கி விலையத்தான் கேக்கறான். மேகசின் என்ன விலைன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. இதுக்கு மேகசின் இலோய்லோவுல கிடையாது. அங்கேருந்து வரணும். உனக்குக் கொறஞ்சது அஞ்சு வேணும்."

"கேஸ் என்ன விலைன்னு கேக்காம அடுப்பு வாங்கறவளா நான்? சொல்லுங்க, என்ன விலை?"

சொன்னார். அவள் துருக்கித் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஐந்து மேகசின் வாங்கினால் துப்பாக்கி வாங்கக் காசிருக்காது, துப்பாக்கியை வாங்கினால் மேகசினுக்குக் காசிருக்காது. மரிகினாக் கறுப்புக்கோ துப்பாக்கியும் ஐந்து மேகசினும் போக, உறையும் இடுப்பு வாரும் வாங்கக்கூட மிச்சம் இருந்தது. அப்படித்தான் அது அவளிடம் வந்தது. ஆசைப்பட்டு வாங்கியதில்லை. கட்டுபடி ஆனதை வாங்கினாள்.

வாங்கிய அன்றைக்கே குறை கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு வரிசைத் தோட்டாவை விழுங்குகிற கைப்பிடி தடிமனாகத்தான் இருக்கும். டெல்ஃபாவின் கையோ சின்னது, கட்டைவிரல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. இஸ்யோ பிளாஸ்டிக் கைப்பிடியின் இரு பக்கத்தையும் இழைத்து மெலிய வைத்தார். இழைத்த இடம் வழுக்கியது. கடைக்குக் கொண்டுவந்து, ஃபெர்மினின் பற்றவைப்புக் கம்பியைச் சூடேற்றி, கைப்பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தினாள். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் மூன்று நாள் கடையை விட்டுப் போகவில்லை. புது மசாலாவா என்று வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டார்.

பிறகு மேகசின் தடங்கலில்லாமல் நுழைய அடியில் ஒரு புனல்வாய் வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் புனல்வாய் வாங்க வசதியில்லை, இஸ்யோ அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்தார். குழல் நுனியில் குறி பார்க்கும் முனைக்குச் சிவப்பு ஒளியிழை வந்தது. ஸ்பிரிங்கை மட்டும் மூன்று தடவை மாற்றினாள். மேகசின்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதினாள். மூன்றாவது அடிக்கடி சிக்கியதால் அதை மட்டும் பயிற்சிக்கு ஒதுக்கி, வேறொன்று வாங்கினாள்.

"ஜீப்னிக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ண மாட்டான்" என்பான் ஃபெர்மின். "ஒரு மாதா படமும் ரெண்டு கண்ணாடியும் பாக்கி. அதையும் மாட்டிட்டா ஆள் ஏத்தலாம்."

"உன் வண்டிய மொதல்ல தொடச்சு வைய்யா. அப்புறம் என் துப்பாக்கியப் பேசலாம்."

இத்தனைக்கும் காரணம் ஒரு எண். ஐந்து. ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில் கிளப்பில் தேர்வுப் போட்டி நடக்கும். முதல் நான்கு பேரைத் தேசியப் போட்டிக்குக் கிளப் தன் செலவில் மணிலாவுக்கு அனுப்பும். சொந்தத் துப்பாக்கி வந்த பிறகு டெல்ஃபா இரண்டு தடவை அந்தத் தேர்வில் சுட்டாள், இரண்டு தடவையும் ஐந்தாம் இடம். நான்காம் இடம் இரண்டு தடவையும் ஒரே ஆளுக்கு: வக்கீல் சொரோங்கோன். அவர் கையில் இருந்தது இஸ்யோ காட்டிய அதே ரக அமெரிக்கச் சரக்கு, அதுவும் புத்தம்புதியது.

டெல்ஃபா கணக்கு எளிதாகப் போட்டுக்கொண்டாள். அவருக்கும் தனக்கும் நடுவில் இருப்பது நான்கைந்து புள்ளி. அந்த நான்கைந்து புள்ளியும் அந்தத் துப்பாக்கியில்தான் இருக்கிறது. அந்த மனுஷனிடம் இல்லை. மனுஷன் தொப்பையும் தொந்தியுமாக, வெயிலில் பத்தடி நடந்தால் விசிறி கேட்கிற ஆள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவள் இஸ்யோவிடம் போய், "அண்ணே, அடுத்து என்ன மாத்தலாம்?" என்பாள். அவர் வியாபாரி. கேட்டதைச் செய்து கொடுத்தார்.

மூன்றாவது தேர்வு வந்தது. மொத்தம் ஆறு களம். ஒவ்வொரு களத்திலும் எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடியால் வகுத்துக் கணக்கிடுவார்கள். குறியும் தவறக் கூடாது, நேரமும் ஓடக் கூடாது. டெல்ஃபாவையும் வக்கீலையும் இந்தத் தடவை ஒரே குழுவில் போட்டிருந்தார்கள், ஆறு பேர். ஃபெர்மின் வழக்கம் போல ஓலைப்பந்தலில் அண்டாக்களோடு உட்கார்ந்திருந்தான்.

அன்று டெல்ஃபாவுக்குக் கை ஓடிற்று. முதல் இரண்டு களம் முடிந்தபோது வக்கீலைவிட ஆறு புள்ளி முன்னால் இருந்தாள். மூன்றாவதைச் சுட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பந்தலுக்கு வந்தவளிடம் ஃபெர்மின் ரகசியமாகக் கேட்டான்.

"பெட்டி படுக்கை கட்டிடலாமா?"

"வாய மூடுய்யா. கண்ணு வைக்காத."

திரும்பிப் போனபோது குழு கூடி நின்றது. வக்கீல் மூன்றாம் களத்தைச் சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலிசெய்து நடுவரிடம் காட்டும்போது காலித்தோட்டா ஒன்று உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியே இழுக்கும் சிறு கொக்கி உடைந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவு இரும்புத் துண்டு. இஸ்யோ வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு இங்க பாகம் இல்ல. அமெரிக்காலேருந்துதான் வரணும்."

வக்கீல் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தார். "சரி, அவ்வளவுதான். டெல்ஃபா, இந்த வருஷம் நீங்க போங்க" என்று சிரித்தார். வேஷம் இல்லாத சிரிப்பு.

நம் விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. சட்டப் புத்தகத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் துப்பாக்கி நடுப்போட்டியில் உடைந்தால், அதே ரகம் வைத்திருப்பவர் தன்னுடையதைக் கொடுப்பார். எதிராளியானாலும் கொடுப்பார். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. குழுவில் மற்ற நால்வரும் வைத்திருந்தது வேறு ரகம்; வக்கீலின் உறையில் அது நுழையாது, தோட்டா அளவும் வேறு. மற்றக் குழுக்களோ வேறு களங்களில் சுட்டுக்கொண்டிருந்தன, அவர்களிடம் வாங்க வழியில்லை. அவர் உறையில் உட்காரக்கூடிய, அவர் தோட்டாவைத் தின்னக்கூடிய துப்பாக்கி அந்த இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது டெல்ஃபாவின் இடுப்பில் இருந்தது.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். இன்னொருவன் வானத்தைப் பார்த்தான்.

அவள் உண்மையிலேயே பேசாமல் இருந்துவிட நினைத்தாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இரண்டு வருடம் ஐந்தாவதாக நின்றவள். சும்மா நின்றாலே நான்காம் இடம். துப்பாக்கியை உடைத்தது இவளா? இவ்வளவு காசு கொடுத்து வாங்கியவர் பாகமும் வாங்கி வைத்திருக்க வேண்டாமா? மனசு நல்லபடியாகவே வாதாடியது. ஆனால் எட்டு வருடத்துக்கு முன் வேலியோரம் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு இந்த ஆட்கள் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். கொடுத்தபோது அவளும் கேட்கவில்லை.

"என்னோடத எடுத்துக்குங்க, வக்கீலய்யா" என்றாள். குரல் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் வந்தது. "மேகசினும் என்கிட்டயே இருக்கு. மூணாம் நம்பர் கெடையாது, தேடாதீங்க."

பந்தலில் ஃபெர்மின் கரண்டியைக் கீழே போட்டான்.

தலைமை நடுவர் துப்பாக்கியைப் பரிசோதித்து அனுமதி கொடுத்தார். அதன் பிறகு ஒரு துப்பாக்கிக்கு இரண்டு பேர். ஒருவர் சுட்டு, காலி என்று காட்டி, உறையில் போட்டுக்கொண்டு பாதுகாப்பு மேசைக்குப் போய், அங்கே மட்டுமே கைமாற்ற வேண்டும். நான்காம் களத்தில் டெல்ஃபா முதலில் சுட்டாள், நன்றாகவே. அடுத்து வக்கீல். அவள் கைக்கென்று இழைத்த கைப்பிடி அவருடைய பெரிய உள்ளங்கையில் காணாமல் போயிற்று. தடுமாறினார், இரண்டு குறியைத் தவறவிட்டார். டெல்ஃபா உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். பார்த்தாயா, அந்த அமெரிக்கச் சரக்கு இல்லாவிட்டால் இவ்வளவுதான் ஆள். வித்தியாசம் பதினான்கு புள்ளி ஆயிற்று.

ஐந்தாம் களத்தில் அவர் பிடியை மாற்றிக்கொண்டார். சுண்டுவிரலை மடக்கி உள்ளே வைத்தார். இழந்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு களத்திலேயே மீட்டுவிட்டார். கடைசிக் களத்துக்குப் போகும்போது ஐந்து புள்ளிதான் மிச்சம்.

ஆறாம் களம்தான் பெரியது. மூங்கில் தட்டியால் கட்டிய மூன்று அறை, முப்பத்திரண்டு தோட்டா, ஓடிக்கொண்டே சுட வேண்டும். வக்கீல் முதலில், அடுத்தது டெல்ஃபா. அவள் காதடைப்பான் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நின்றாள்.

மணி ஒலித்தது. தொப்பைக்காரர் காணாமல் போனார். அங்கே ஓடியது வேறு யாரோ. முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போதே துப்பாக்கி கண் உயரத்துக்கு வந்துவிட்டது. கால் நிற்பதற்கு முன்பே முதல் தோட்டா போய்விட்டது. மேகசின் விழுந்ததும் அடுத்தது ஏறியதும் ஒரே சத்தமாகக் கேட்டது. டெல்ஃபா அந்தத் துப்பாக்கியின் சத்தத்தை மூன்று வருடமாகக் கேட்டிருக்கிறாள். அது இத்தனை சீராக, இத்தனை நெருக்கமாகப் பேசும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு சிக்கல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. பதினேழரை நொடி. குறி அட்டைகளில் எல்லாம் நடுவட்டம்.

கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பாதுகாப்பு மேசையில் துப்பாக்கியை வாங்கியபோது சூடாக இருந்தது. உறையில் போட்டுக்கொண்டு கோட்டில் வந்து நின்றாள். மணி ஒலித்ததும் ஓடினாள். நன்றாகத்தான் சுட்டாள். ஆனால் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. கால் வந்து நின்ற பிறகுதான் கை எழுந்தது. மேகசின் மாற்றும்போது கண் இடுப்புக்குப் போயிற்று. அறைக்கு அறை அரை நொடி, முக்கால் நொடி என்று நழுவியது. போய்க்கொண்டிருக்கிற நொடி ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. துப்பாக்கி ஒருமுறைகூடச் சிக்கவில்லை. இருபத்தொரு நொடி.

பட்டியல் ஒட்டினார்கள். நான்கு: சொரோங்கோன். ஐந்து: மொன்டெக்ளாரோ. அவள் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு வந்து கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள்.

வக்கீல் மேகசின்களைத் துணியால் துடைத்து, வரிசை எண்படி அடுக்கிக் கொண்டுவந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"இத வாங்கிட்டு நான் உங்களையே ஜெயிச்சிருக்கக் கூடாது. கமிட்டில சொல்லிட்டேன், நீங்களே போங்கன்னு. அவங்க முடியாதுங்கறாங்க."

"அதெல்லாம் வேண்டாங்கய்யா. ஜெயிச்சவர் போகணும்."

அவர் உட்கார்ந்தார். ஃபெர்மின் ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினான். டக்கென்று வைத்ததில் குழம்பு சிந்தியது.

"ஒன்னு சொல்லட்டுமா?" என்றார் வக்கீல். "அருமையான சாமான். மொதல்ல கைக்குப் பழகல. பழகினதும் நான் அத மறந்தே போய்ட்டேன். என்னோடதவிட ஒரு குறைச்சலும் இல்ல. எப்பவாவது விக்கறதா இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க."

டெல்ஃபா கையிலிருந்த கிண்ணத்தை வைத்தாள். "வக்கீலய்யா, நீங்க எப்பப் பயிற்சி பண்றீங்க? ஞாயித்துக்கிழமை மட்டும்தான இங்க வர்றீங்க?"

"தோட்டா விக்கற விலைக்கு ஞாயித்துக்கிழமையே ஜாஸ்தி. தினம் காலைல இருபது நிமிஷம், வீட்ல. தோட்டா இல்லாம. சுவத்துல ஒரு ஸ்டாம்ப ஒட்டிட்டு, எடுக்கறது, குறி வைக்கறது, மேகசின் மாத்தறது. என் பொண்டாட்டி பைத்தியம்னு சொல்லுவா. பதினோரு வருஷமாச்சு."

அது ஒன்றும் ரகசியமில்லை. துப்பாக்கி தொட்ட எவருக்கும் தெரிந்த விஷயம். துப்பாக்கி வாங்கிய அன்றே இஸ்யோ அதைச் சொல்லியிருந்தார். அவளும் செய்தாள், ஒன்பது நாள். பத்தாம் நாள் கைப்பிடியில் புள்ளி குத்த ஆரம்பித்தாள். கடையில் ஓய்வு கிடைத்த காலைப்பொழுதெல்லாம் அதற்கே போயிற்று. காசு இல்லை, காசு இல்லை என்று மூன்று வருடம் மூக்கால் அழுதவள், காலணா செலவில்லாத ஒன்றைத்தான் செய்யாமல் விட்டிருந்தாள்.

வக்கீல் சாப்பிட்டு முடித்து, இரண்டு பேருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் அண்டாக்களை வண்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். ஃபெர்மின் வண்டியை ஓட்டினான். அவனால் பேசாமல் இருப்பது கஷ்டம். கரும்புக் காட்டைத் தாண்டியதும் வாயைத் திறந்தான்.

"நீ பேசாம நின்னிருந்தா நாலாவது நீதான்."

"ஆமா."

"மணிலா போயிருப்ப."

"போயிருப்பேன். அங்க போயி நாப்பதாவதா வந்துட்டு, துப்பாக்கி சரியில்லன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். வந்து இன்னும் நாலு பாகம் மாத்தியிருப்பேன்."

ஃபெர்மின் வேகத்தைக் குறைத்தான். அவள் மடியில் துப்பாக்கிப் பை இருந்தது, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அப்ப அதுல குறை ஒன்னும் இல்லங்கற?"

"இல்ல. நல்ல துப்பாக்கி. ரொம்ப நல்ல துப்பாக்கிய்யா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.